தங்கையன் திறந்த வடக்கு வாசல்

காரோடு ஊர்ப் பக்கத்தில் மாடு வாங்கப் போகிறவர்கள் கயிறு எடுக்க மறந்தாலும் தங்கையனைக் கூப்பிட மறக்க மாட்டார்கள். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சந்தைகளில் மாட்டுத் தரகர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களெல்லாம் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள், மடியைத் தடவுவார்கள், வாலைத் தூக்குவார்கள். தங்கையன் குனியக்கூட மாட்டார். துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு நாலு காலையும் ஒரு பார்வை பார்ப்பார். "வலத்த பின்கால் ஆவாது" என்று சொன்னால் ஆவாதுதான். அதற்குமேல் மாட்டுக்காரன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது.

அவர் திரும்புகிற விதத்தைச் சொல்லி ஊரில் சிரிப்பார்கள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டார். நின்று, சின்னச் சின்ன எட்டாக வைத்து, ஒரு வட்டமடித்து, முழு உடம்பையும் கொண்டுவந்து நம் முன்னால் நிறுத்துவார். டிப்போவில் பஸ் திருப்புவதுபோல் இருக்கும். சிரிக்கிற அதே ஆட்கள், "நல்ல கனமுள்ள ஆளாக்கும், வெப்ராளம், பதற்றம் ஒண்ணும் கிடையாது" என்றும் சொல்வார்கள். காரணம் கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இளவயதில் ஒரு காளை அவருடைய இடது கால் முட்டில் உதைத்துச் சவுட்டிவிட்டது. பாண்டிக் காளை, இவ்வளவு நீளம் கொம்பு. வருடம் ஏற ஏற அந்தக் கொம்பும் வளர்ந்தது.

எந்தக் காளையும் அவரைச் சவுட்டவில்லை. அறுபத்தெட்டாம் வருடம், இருபது வயதில், மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையின் கரையிலிருந்து கீழே சாடிக் குதித்தார். இடுப்பு உயரம்கூட இராது. இடது கால் மண்ணில் ஊன்றிய அதே நேரத்தில், பின்னால் வந்த கூட்டாளியிடம் ஏதோ சொல்ல உடம்பு திரும்பியது. முட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் முட்டு குடம்போல் வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகு நேராக நடக்க முடிந்தது, ஓடவும் முடிந்தது. திரும்பினால் மட்டும் முட்டு இடம் பிசகித் தெத்தி, ஆளைக் கீழே தள்ளப் பார்த்தது.

அப்போதுதான் அவர் தரகுக்கு இறங்கியிருந்தார். நல்ல கால், யாரும் தொடாமல், இடுப்பு உயரத்திலிருந்து சாடியதில் போயிற்று என்று சொன்னால் எவன் நம்பி மாடு பார்க்கக் கூப்பிடுவான்? சொந்தக் காலுக்கே உறப்பும் பலமும் இல்லாதவன் மாட்டுக் காலுக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டான் என்பார்கள். ஆகவே ஒரு காளை தேவைப்பட்டது. மறுவாரமே பிறந்துவிட்டது. பின்னால் கல்யாணமாகி வந்த விஜயம்மாகூட அந்தக் காளையை நம்பினாள். மழைக்காலத்தில் அவர் முட்டுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அதைத் திட்டிக்கொண்டேதான் தேய்ப்பாள்.

இந்த ஒரு பொய்யைத் தவிர்த்தால் தங்கையன் பொய் சொல்லாதவர் என்றுதான் பெயர். அவருக்கும் அதில் கர்வம் உண்டு. மாட்டைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்வார். கேட்காததைச் சொல்ல மாட்டார். கால் கேடுள்ள பசு ஒன்றை விற்றுக் கொடுக்கவேண்டி வந்தால், அதைச் சரிவான இடத்தில், கேடுள்ள கால் மேட்டுப் பக்கம் வரும்படி நிறுத்துவார். பசு நெடுநெடுவென்று ஒத்த உயரமாக நிற்கும். பிறகு நேராகப் பத்து எட்டு நடத்திக் காட்டுவார். "திருப்பி நடத்து" என்று வாங்குகிறவன் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் திருப்பி நடத்துவார், குட்டும் வெளிப்பட்டுவிடும். பத்தில் எட்டுப் பேர் கேட்பதில்லை.

அமரவிளையிலிருந்து வந்த ஆனந்தபாயும் கேட்கவில்லை. ஒரு பசுவை வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைக்கலாம் என்று நினைத்து வந்த பெண். தங்கையன் காட்டிய செவலைப் பசுவை வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் காலையில் அவருடைய வீட்டுப் படலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"பசு தொழுத்தில திரும்பும்போ விழுந்துபோச்சு, அண்ணே" என்றாள். "கால் பாக்கிற நீங்க ஒண்ணும் பறையாததுனாலயாக்கும் நான் வாங்கினது."

சண்டை பிடிக்கவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தங்கையனின் மகள் ஸ்வப்னாவுக்கு அப்போது ஒன்பது வயது. சந்தையில் அந்தப் பசு நின்ற சரிவில் அவளும் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்பா, அந்தப் பசுவ ஏன் திருப்பிக் காணிக்கல்ல?"

"அவ கேட்டாளா, மக்கா? கேட்டா காணிச்சிருப்பேன். கேக்காதவங்களுக்குக் காணிக்கண்டாம். அதாக்கும் கச்சவடம், யாவாரம்."

பிள்ளை தலையாட்டியது. பிள்ளைகள் எதைத் தலையாட்டி வாங்கி எங்கே வைக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரிகிறதா என்ன!

ஸ்வப்னா வளர்ந்து, தென்னம்பிள்ளை மாதிரி உயர்ந்து, காலேஜில் வாலிபால் ஆட்டம் களித்தாள். வலைக்கு மேலே எழும்பி அவள் அடித்தால் எதிர்ப்பக்கம் எடுக்க ஆள் கிடையாது என்று பேர். தங்கையன் ஒரு களியும் பார்க்கப் போனதில்லை. ஆனால் சாயாக்கடையில் யாராவது அவளைப் பற்றிப் பேசினால் இரண்டாவது சாயா சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூற்று நான்கில், காலேஜுகளுக்கு இடையிலான ஒரு களியில் அவள் எழும்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினாள். இறங்கும்போதே பந்து போன பக்கம் திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் இடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"என்ன பற்றிச்சு மக்கா?" என்று விஜயம்மா அழுதாள்.

"தெரியல்லம்மா. எறங்கும்போ முட்டுக்குள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம் கேட்டுது."

இருபத்தாறு வருடமாகத் தங்கையன் காதுக்குள் வைத்திருந்த சத்தம் அது. மகளின் வாயிலிருந்து வருகிறது. அந்த நிமிடமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதை மறைக்க, தகப்பன்மார் வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்தார், கோபப்பட்டார். "பொம்பளப் பிள்ள இந்தச் சாட்டம் சாடினா இப்பிடித்தான் வரும். பாத்து எறங்கத் தெரியாண்டாமா?" என்று முற்றம் அதிரக் கத்தினார்.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர், மலையாளத்தில் நிதானமாகப் பேசினார். ஸ்வப்னாவைக் கட்டுப்போடும் அறைக்கு அனுப்பிவிட்டு, எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, தங்கையனைக் கூப்பிட்டுக் காட்டினார். தொடை எலும்பின் அடியில் இரண்டு உருண்டை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அந்த இடுக்கு வழியாகத்தான் மேலெலும்பையும் கீழெலும்பையும் பிடித்துக் கட்டுகிற நார் போகிறது. சிலருக்கு அந்த இடுக்கு அகலமாக இருக்கும், சிலருக்குப் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். கிணற்றுக் கப்பியின் பள்ளம் ஒடுங்கியிருந்தால் கயிறு விளிம்பில் உரசி இற்றுப்போகிறது அல்லவா, அதுபோல, திரும்பும்போது எலும்பின் விளிம்பு நாரை நெருக்கும். போதாததற்கு இந்தக் குட்டிக்குக் முட்டுக்குக் கீழே உள்ள எலும்பின் தலைப்பகுதி பின்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகச் சரிந்திருக்கிறது. சரிவில் நிற்கிற பொருள் வழுக்கத்தானே பார்க்கும்? இப்படி இருக்கிற எல்லோருக்கும் நார் அறுந்துவிடும் என்றில்லை. இடுக்கு அகலமாக இருக்கிறவர்களுக்கும் அறும். ஆனால் இவர்களுக்கு அறுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

சரிவு என்ற சொல்லைக் கேட்டதும் தங்கையன் துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். சரிவைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"வீட்டில் ஆர்க்கெங்கிலும் இதுபோலெ உண்டோ? அச்சனோ, அம்மையோ, கூடப்பிறப்போ?" என்று டாக்டர் கேட்டார்.

கேட்டால் காட்டுவேன் என்று சொன்ன ஆள்தான் தங்கையன். டாக்டர் கேட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, தெளிவாகக் கேட்டார். அவருக்கும் தங்கையனின் முட்டுக்கும் நடுவில் ஒரு வேட்டித்துணி மட்டுமே இருந்தது.

"இல்ல சாரே. ஆருக்கும் இல்ல" என்றார் தங்கையன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு, இது சாடியதில் வந்த பிழை இல்லை என்று குட்டிக்கு எடுத்துச் சொல்லுங்கள், களிக்கிற பிள்ளைகள் தங்கள்மேலேயே குற்றம் போட்டுக்கொண்டு மனம் விடும் என்றார். தொடைக்கு உறப்பு ஏற்றும் பயிற்சிகளைச் செய்யச் சொன்னார். அடிக்கடி தெத்துமானால் ஆபரேஷன் செய்யலாம் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஸ்வப்னா கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சன்னலோரம் இருந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு, அப்பா?"

எலும்பின் அமைப்பு என்று சொன்னால் யாருடைய எலும்பு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால் காளை செத்துவிடும்.

"சாட்டம் பிழைச்சதாக்கும்னு சொன்னாரு" என்றார். அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கையன் எக்ஸ்ரே கவரை மடியில் குப்புற வைத்துக்கொண்டு பாறசாலை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையில் நிறைய சந்தை நாட்கள் உண்டு. எந்தச் சந்தையிலும் அவ்வளவு கேவலமான ஒரு வேலையை அவர் செய்ததில்லை. அது அவருக்கே தெரிந்திருந்தது.

ஆபரேஷன் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். கத்தி பட்ட கால் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் பெண்ணை யார் கட்டுவார்கள்? கல்யாணம் முடியட்டும், பிறகு அவர்கள் பாடு. அவள் படிப்பை முடித்தாள், வாலிபால் ஷூவைக் கொல்லைப் பக்கத்து அலமாரியில் தூக்கிப் போட்டாள். நேராக நடப்பதைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பயிற்சி செய்தாள். ஆனாலும் அவசரத்தில் இடதுகாலில் ஊன்றித் திரும்பினால் முட்டு தெத்திவிடும்.

தொண்ணூற்று ஏழு சித்திரையில் முதல் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அடுக்களை, முன்னறைக்குத் தெற்கே இருந்தது. ஸ்வப்னா தட்டில் சாயாவோடு அங்கிருந்து வந்தாள், கொடுத்தாள், திரும்பினாள். பட்டுப்புடவையும் வெப்ராளமும் சேர்ந்துகொண்டன. முட்டு தெத்தியது. தட்டும் மிச்சமிருந்த இரண்டு கிளாசும் அவளும் தரையில் விழுந்தார்கள். வந்தவர்கள் "சாரமில்ல, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு அந்த வழிக்கே வரவில்லை.

மற்ற தகப்பன் என்றால் என்ன செய்திருப்பான் என்று தெரியாது. தங்கையன் மூன்று நாள் முன்னறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தெற்கு வாசலிலிருந்து வடக்குச் சுவர்வரை எட்டு வைத்து அளந்தார். நாலாம் நாள் கொத்தன் ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு வந்து, வடக்குச் சுவரை உடைத்து அங்கே ஒரு வாசல் வைக்கச் சொன்னார்.

"வடக்க வாசல் என்னத்துக்கு, அண்ணே? அங்க உங்களுக்கு வாழையும் குப்பக்குழியும் அல்லாம ஒண்ணும் இல்லியே" என்றான் ஈசாக்.

"காத்து வரட்டும்."

"காத்துக்கு ஒரு சன்னல் போரும்லா?"

"நீ சொன்ன வேலையப் பாருலே."

காற்றுமில்லை, ஒன்றுமில்லை. பெண் அடுக்களையிலிருந்து நேரே வரவேண்டும், சாயாவைக் கொடுக்கவேண்டும், நேரே வடக்கு வாசல் வழியாக வெளியே போய்விடவேண்டும். திரும்ப வேண்டிய வேலையே இருக்கக்கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். தங்கையன் அதற்காக வீட்டுச் சுவரையே உடைத்தார்.

ஆவணி என்கிற சிங்க மாதத்தில் காஞ்சிரங்குளத்திலிருந்து இரண்டாவது வரன் வந்தது. மாப்பிள்ளை ரெஜி நெய்யாற்றின்கரையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். அப்பா செல்லசாமி, அம்மா விலாசினி. முந்தின நாள் தங்கையன் மகளை நிறுத்தி வைத்து நடத்திப் பார்த்தார்.

"நேர வா. ஆ, அங்க நில்லு. குடு. இனி நேர போ. நிக்கண்டாம், பின்ன பாக்கண்டாம். வாசல் கடந்தா அம்ம அங்க நிப்பா."

ஸ்வப்னா நடந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மூன்றாவது தடவை வடக்கு வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள்.

"சரிவு வேண்டாமா, அப்பா?" என்று கேட்டாள்.

"என்ன சரிவு?"

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். தங்கையனுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் விருந்துக்கு ஏத்தன் வாழைக்குலை வெட்டவேண்டியிருந்தது, நாற்காலி இரவல் வாங்கவேண்டியிருந்தது. சுட்ட காதோடு அந்த வேலைகளைப் பார்க்கப் போனார்.

மறுநாள் எல்லாம் சொன்னபடி நடந்தது. ஸ்வப்னா நேரே வந்தாள். செல்லசாமிக்கும் விலாசினிக்கும் சாயா கொடுத்தாள். ரெஜிக்கு நீட்டும்போது அவன், "வாலிபால் நல்லா களிக்கும்னு கேட்டேன்" என்றான்.

"களிச்சேன். இப்ப இல்ல" என்றாள். விலாசினி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஸ்வப்னா வெறுந்தட்டோடு வடக்கு வாசலை நோக்கி நடந்தாள். நடை பார்க்க அழகாகத்தான் இருந்தது. தங்கையன் அடக்கியிருந்த மூச்சை விட்டார்.

அவள் வாசற்படியில் நின்றாள். புது வாசல்நிலையில் ஒரு கையை வைத்தாள். பிறகு, இடது காலை ஊன்றி, எல்லோரும் திரும்புகிறதுபோலச் சட்டென்று உள்ளே திரும்பினாள்.

முட்டு தெத்தியது. தட்டு உருண்டு ரெஜியின் நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது. ஸ்வப்னா நிலையைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து, உதட்டைக் கடித்து, மெதுவாக எழுந்து நின்றாள். வாழைமூட்டில் காத்து நின்ற விஜயம்மா ஓடிவந்தாள். ஸ்வப்னா அம்மாவின் கையை விலக்கினாள்.

"இவங்க திருப்பி நடத்தச் சொல்லிக் கேக்கல்ல, அப்பா" என்றாள். "கேக்கல்லேன்னாலும் நான் காணிச்சேன்." பிறகு வந்தவர்களைப் பார்த்து, "எனக்கு இடத்த முட்டு இப்பிடியாக்கும். நேர நடப்பேன். திரும்பினா தெத்தும். இந்த வாசல் அதுக்குத்தான் வச்சது" என்றாள்.

செல்லசாமி சாயா கிளாசைக் கீழே வைத்தார். புது வாசலையும் தங்கையனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தங்கையனுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக மாட்டைப் பார்க்க அவர் பயன்படுத்திய பார்வைதான் அது. இப்போது அது அவர்மேல் விழுந்தது.

விலாசினிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "சாடினதுல வந்ததா, அல்லெங்கில் பிறவியிலயே உள்ளதா? குடும்பத்தில வேற ஆருக்காவது உண்டா?" என்று கேட்டாள்.

"ஆருக்கும் இல்லம்மா" என்று விஜயம்மா சட்டென்று சொன்னாள். பாவம், அவள் உள்ளதைத்தான் சொன்னாள், தெரிந்தவரை.

இரண்டாவது முறையாக அதே கேள்வி வந்திருந்தது. தங்கையன் எழுந்தார். எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். பிறகு வேட்டியை முட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால், நாற்பத்தொன்பது வயதில், எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுத்த முட்டைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு உண்டு" என்றார். "இருபத்தொம்பது வருசமாட்டு உண்டு. கரையில இருந்து சாடி, எறங்கி, திரும்பினேன். ஒருத்தனும் தொடல்ல."

"அப்ப காள?" என்றாள் விஜயம்மா.

"காள இல்ல, விஜயம்மா."

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் அவள் திட்டிய திட்டெல்லாம் எங்கே போயிற்று என்று தேடுகிறவள்போல் நின்றாள். ரெஜி நாற்காலிக்கு அடியிலிருந்து தட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். போய்விட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்று செல்லசாமி எழுந்தார். விலாசினி போகும்போது ஸ்வப்னாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவர்கள் போனபிறகு ஸ்வப்னா வடக்கு வாசற்படியில் உட்கார்ந்து கால்முட்டை நீவினாள். தங்கையன் பக்கத்தில் போய் நின்றார். உட்கார உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"மூணு வருசமாட்டு நான் அந்தச் சாட்டத்த நெனச்சுப் பாக்கேன்" என்றாள் அவள், வாழையைப் பார்த்துக்கொண்டு. "கால எப்பிடி வச்சேன், எங்க பிழைச்சது, கொஞ்சம் பொறுத்து எறங்கியிருந்தா என்னாயிருக்கும்னு. தெனமும் ஒருக்கலாவது சாடிப் பாப்பேன், மனசுக்குள்ள. நீங்க ஒரு வாக்கு பறைஞ்சிருக்கலாம், எனக்கும் இப்பிடி வந்ததாக்கும்னு."

அப்போதாவது டாக்டர் சொன்ன முழுவதையும் அவர் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு அவமானம் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, பாதியைக் காட்டிவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். தரகன் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா?

வெள்ளிக்கிழமை காஞ்சிரங்குளத்திலிருந்து சாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்தது. "சாதகம் அன்னைக்கே பாத்தாச்சுல்லா" என்று ஸ்வப்னா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை, அதனால் தங்கையனுக்கு அதிகமாக வலித்தது. சந்தையில் அவர் புதிதாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். மாட்டை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் திருப்பி நடத்தினார். இதனால் இரண்டு மாட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அமரவிளைக்கு ஒரு நாள் ஆனந்தபாயைத் தேடிப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது, அவர்கள் எங்கோ மகன் வீட்டுக்குப் போய் வருடங்களாயிற்று என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஈசாக் வந்து, "வடக்க வாசல அடச்சுத் தரட்டா, அண்ணே?" என்று கேட்டான். "கெடக்கட்டு" என்றார்.

ஐப்பசி என்கிற துலாம் மாதம், ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மகளைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனார். அதே டாக்டர்தான், இப்போது கண்ணாடி போட்டிருந்தார். பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "வீட்டில் ஆர்க்கும் இல்ல அல்லே?" என்றார்.

"எனக்கு உண்டு, சாரே."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி அனுப்பினார். இரண்டு படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கம் பக்கமாக மாட்டினார். அப்பாவின் எலும்பு கொஞ்சம் தேய்ந்தது, மகளுடையது இளசு. அது தவிர்த்தால் அதே ஒடுங்கிய இடுக்கு, அதே சரிவு. கால் பார்க்கிற தங்கையன் தன் காலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். ஸ்வப்னா கிட்டப் போய் இரண்டு இடுக்கையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது பிறவியில உள்ளதா, சாரே? எனக்க சாட்டம் பிழைச்சதுல்லியா?"

டாக்டருக்கு ஆச்சரியம். சாட்டத்தில் ஒரு பிழையும் இல்லை என்றும், எல்லோரும் அப்படித்தான் சாடுவார்கள், இந்த முட்டுக்கு அபாயம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்றும் சொன்னார். பிறகு தங்கையனைக் காட்டி, "ஞான் அன்னே அச்சனோடு பறஞ்ஞதாணல்லோ. பறஞ்ஞில்லே?" என்று, அன்றே சொன்னதை அப்பா சொல்லவில்லையா என்பதுபோல் கேட்டார்.

ஸ்வப்னா திரும்பினாள். சின்னச் சின்ன எட்டாக வைத்து, வட்டமாக, முழு உடம்பையும் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"சொன்னாரா, அப்பா?"

"சொன்னாரு, மக்கா."

"பின்ன ஏன் எனக்கிட்ட பறையல்ல?"

"வெக்கமாட்டு இருந்தது."

"இப்ப?"

தங்கையன் துண்டைத் தேடினார். அது தோளில் இல்லை, எக்ஸ்ரே எடுக்கும்போது கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இப்பளும் உண்டு" என்றார்.

அவள் டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிச் சீட்டையும் இரண்டு படங்களையும் வாங்கி ஒரே கவரில் போட்டுக்கொண்டாள். வெளியே வராந்தாவில் அவருக்கு முன்னால் வேகமாக, நேராக நடந்தாள். வளைவு வந்த இடத்தில் நின்றாள். அவர் வந்து சேர்ந்து, வட்டமடித்துத் திரும்பி முடிக்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள்.